சுவருக்கேற்ற பூச்சு

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் அலுவலர் வர வேண்டுமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நம் பாட்டனார் காலத்தில் அந்த எண்ணம் சரியாகவே இருந்திருக்கும். அன்று சுண்ணாம்பு ஒன்று, காவி ஒன்று. வேறு தெரிவுக்கே இடமில்லை. இன்று பக்கத்து ஊர்க் கடைக்குச் சென்றால் சிமெண்டு பெயிண்ட், டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல் என்று அடுக்கடுக்காக டின்கள் நிற்கின்றன. எது எந்தச் சுவருக்கு என்று கடைக்காரர் சொல்வதும், கொத்தனார் சொல்வதும், பெயிண்டர் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. சொந்த வீடானால் சொந்தப் பணம் போகிறது. ஊராட்சிக் கட்டடமானால் ஊர்ப் பணம் போகிறது. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே பேசலாம் என்று கருதுகிறோம்.

முதலில் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றியபோது, ஓர் அங்கன்வாடிக் கட்டடம் புரட்டாசியில் சிமெண்டுப் பூச்சு முடிந்து நின்றது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சுவர் பளபளப்பாக இருக்க வேண்டும், பிள்ளைகள் அழுக்காக்கினால் துடைக்க வசதியாக இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒப்பந்தக்காரர் உள்சுவர் முழுவதற்கும் எண்ணெய் வர்ணம் அடிக்க அனுமதி கேட்டார். அங்கிருந்த முதிய கொத்தனார் ஒருவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "சுவர் இன்னும் வியர்க்கிறது, ஐயா. பொறுத்து அடிக்கலாம்" என்றார். விழா நாளைப் பொறுக்கச் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை, கையெழுத்திட்டோம். விழா சிறப்பாக நடந்தது. கார்த்திகை மழை கழிந்தபோது சுவரில் அப்பளம் பொரிந்தாற்போல் கொப்புளங்கள் எழுந்தன. தை பிறந்தபோது வர்ணம் தோல் தோலாக உரிந்து தொங்கியது. பிள்ளைகள் அதைப் பிய்த்து விளையாடினார்கள். அங்கன்வாடிப் பணியாளராகிய அம்மையார் ஓர் உரிந்த துண்டைக் கொண்டுவந்து காட்டி, "இதைச் சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்கின்றன, கெடுதல் உண்டா, ஐயா?" என்று கேட்டார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. மீண்டும் சுரண்டி, காயவிட்டு, வேறு பூச்சு அடிக்கப் பணம் தேடியது ஒருபுறமிருக்க, அந்தக் கேள்வியே நம்மை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது.

அந்தச் சுவரில் நடந்தது யாதெனில், புதிய சிமெண்டுப் பூச்சினுள் நீரும் காரமும் மிகுதியாக இருக்கின்றன. எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பது சோப்புக் காய்ச்சியவர்களுக்குத் தெரியும். ஈரச் சுவரின் மேல் எண்ணெய் வர்ணம் பூசினால் அதே காரியம் சுவரில் நடக்கிறது. வர்ணத்தின் அடிப்பாகம் சோப்பாகி இளகிவிடுகிறது. உள்ளேயிருந்து வெளிவர முயலும் நீர் மேற்பாகத்தைத் தள்ளிவிடுகிறது. ஆதலால் புதிய பூச்சுக்கு ஏழு நாளேனும் நன்றாக நீர் காட்டிய பின், எமல்ஷனுக்கு ஒரு மாதமேனும் காயவிட வேண்டும். எண்ணெய் வர்ணத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுப்பது நன்று. சுவர் காய்ந்ததா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு முழ அகலப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் அந்தச் சுவர் வர்ணத்துக்கு இன்னும் தயாராகவில்லை.

பழைய வீடுகளில் நிலைமை வேறு. மண் சுவர், மண் சாந்தில் கட்டிய செங்கற்சுவர் ஆகியவற்றில் தரையிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். உவர் நிலத்துக் கிராமங்களில் முழங்கால் உயரத்துக்கு வெண்மையாக உப்புப் பூத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இத்தகைய சுவர் ஏறிய ஈரத்தை வெளியே விட்டுத்தான் உயிர் வாழ்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷனையோ எனாமலையோ பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, சாந்தையும் சேர்த்து உதிர்க்கும். இங்கே சுண்ணாம்புக்கு இணை எதுவுமில்லை. விலை மலிவு என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. ஈரத்தை வெளிவிடும் குணம் அதற்கு இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறோம்.

சுண்ணாம்பு எப்படிச் சுவரில் பிடிக்கிறது என்பதை அறிந்தால் அதன் மேல் மதிப்புக் கூடும். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுடும்போது, அதன் எடையில் 100க்கு 44 பங்கு கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பு நீரில் பட்டதும் கொதித்து நீற்றுப்போகிறது. அதைச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. எனவே சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் மெல்லியதோர் கல் படலம் இருக்கிறது என்றே சொல்லலாம். காய்ந்து தூளாகிப்போன சுவரில் அடித்தால் இந்த வேலை நடவாது. அடிக்குமுன் சுவரை லேசாக நனைக்க வேண்டும்.

தயாரிக்கும் முறையில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். காலையில் நீற்றி மாலையில் அடித்தால் கையில் ஒட்டும், துண்டில் ஒட்டும், சுவரில் மட்டும் ஒட்டாது. 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் நீர் என்ற கணக்கில் நீற்றி, 24 மணி நேரம் ஊறவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். பசைக்கு, வடித்த பாலில் லிட்டருக்கு 4 கிராம் பிசின் அல்லது வச்சிரத்தை வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம்; சோற்றுக் கஞ்சி சேர்க்கும் பழக்கமும் உண்டு. வெண்மை கண்ணுக்கு எடுப்பாக இருக்கச் சிறிது நீலம் போடுவார்கள். மிகுந்தால் சுவர் நீலம் பாய்ந்துவிடும். புதிய சுவருக்கு மூன்று பூச்சு, பழையதற்கு ஒன்றோ இரண்டோ போதும். மட்டையை முதலில் மேலிருந்து கீழாகவும் பிறகு கீழிருந்து மேலாகவும் ஓட்டி, அது காயுமுன் குறுக்கேயும் ஓட்டினால் திட்டுத் திட்டாக நிற்காது. நீற்றும்போது நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, சுண்ணாம்புக் குவியலின் மேல் நீரைக் கொட்டலாகாது. தொட்டிக்கு அருகில் பிள்ளைகளை விடவே கூடாது. கண்ணில் தெறித்தால் உடனே நிறைய நீர் விட்டு நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கண் போனால் வராது.

இனி அறை அறையாகப் பார்ப்போம். மாட்டுத் தொழுவத்துக்குச் சுண்ணாம்பே உரியது. அதன் காரம் கிருமிகளை அழிக்கும். மாடு சுவரை நக்கினாலும் பழைய வர்ணத்தைத் தின்பது போன்ற தீங்கு இல்லை. நெல்லும் விதையும் வைக்கும் அறைக்கும் அதுவே நல்லது. ஆனால் அடிக்குமுன் வெடிப்புகளையும் எலி வளைகளையும் சாந்திட்டு மூட வேண்டும். வண்டு தங்குவது வெடிப்பில்தான். எவ்வளவு வெள்ளையடித்தாலும் மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள்.

விறகு எரியும் சமையலறைக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பதே சிக்கனம். கரி ஏறிய சுவரை எந்த உயர்ந்த வர்ணமும் காப்பாற்றாது. எரிவாயு அடுப்புக்கு மாறிவிட்ட வீடுகளில், அடுப்பின் பின்புறச் சுவர் நன்கு காய்ந்திருந்தால், நான்கடி உயரத்துக்கு எனாமல் பூசலாம். தாளித்த எண்ணெயைத் துடைத்தெடுக்கலாம். கூடத்துக்கும் படுக்கும் அறைக்கும் சிமெண்டுப் பூச்சுள்ள உலர்ந்த சுவரானால் எமல்ஷன் ஏற்றது. ஈரத் துணியால் மெதுவாகத் துடைக்கலாம். டிஸ்டெம்பர் அதைவிட மலிவு, ஆனால் உட்சுவருக்கு மட்டுமே. மழை படும் இடத்தில் கரைந்துபோகும். ஒற்றைச் சன்னல் அறைகளில் மேற்கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். விளக்குக்கு அது பாதி உதவி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டு சுண்ணாம்பு ஏறிய சுவரின் மேல் எமல்ஷன் பூசினால் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு அடித்தாலும் நிற்காது. மாற வேண்டுமானால் முழுவதும் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே மாற வேண்டும். ஆகவே முதல் தடவை தேர்ந்தெடுப்பது பல ஆண்டுகளுக்கு உங்களைக் கட்டிப்போடும்.

வெளிச்சுவருக்குச் சிமெண்டு பெயிண்ட் மலிவும் உறுதியும் உடையது. அது சிமெண்டுச் சாந்தைப் போன்றதே. சுவரை நனைத்து அடிக்க வேண்டும், கலக்கியதை ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மறுநாள் நீர் தெளிக்க வேண்டும். நீர் தெளிக்க மறந்த வேலை கையில் மாவாக வரும். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் வெளிப்புறத்துக்கு இது பொருந்தும். உட்புறத்தில் எந்தச் சாதாரண வர்ணமும் பூசலாகாது. மொட்டை மாடிக்குப் பங்குனியில் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போய்க் கீழ் அறை வெப்பம் குறையும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை மட்டும் உலர்வாகச் சுரண்டாதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு.

கதவு, சன்னல், இரும்புக் கேட் ஆகியவற்றுக்கு எனாமல் வேண்டியதுதான். மரத்துக்கு மர பிரைமர், பட்டி. இரும்புக்குத் துரு நீக்கி ரெட் ஆக்சைடு. அதன் பிறகு இரண்டு பூச்சு. இங்கேதான் அந்த அம்மையாரின் கேள்விக்கு விடை இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களில் முன்னாளில் காரீயச் சேர்மங்களை நிறத்துக்காகக் கலந்து வந்தார்கள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மத்திய அரசு 2016இல் வெளியிட்ட விதிகளின்படி, வீட்டு உபயோக வர்ணங்களில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கலாகாது. இது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டின்னின் மேல் இந்த அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அச்சில்லாத டின் எவ்வளவு மலிவானாலும் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வேண்டாம். அதற்கு முன் அடித்த பழைய கதவுகள் நம் பள்ளிகளில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை உலர்வாகத் தேய்த்தால் தூள் பறக்கும். கொளுத்தி உரித்தால் புகை இன்னும் மோசம். பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளில், நீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த தாளோடு உரியலைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். முற்றத்தில் பெருக்கித் தள்ளுவதோ குப்பையோடு எரிப்பதோ கூடாது. வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மதிப்பீடு பற்றிச் சிறிது. 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவுக்கும் சன்னலுக்கும் 40 கழித்தால் 400. இரண்டு பூச்சுக்கு 800 சதுர அடி. சமமான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 130 சதுர அடி ஓடும் என்று கொண்டால் 6 லிட்டர் சொச்சம் வேண்டும். இந்த அறைக்கு ஒருவர் 15 லிட்டர் எழுதிக்கொண்டு வந்தால், உறுப்பினர்கள் ஏன் என்று கேட்க வேண்டும். சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மை. இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும் என்பது கதை.

நிறத்தைப் பற்றிய விவாதமும் கூட்டங்களில் வருவதுண்டு. ஓர் ஊரில் ஊராட்சி அலுவலகத்துக்கு எந்த நிறம் என்பதில், எந்த நிறத்தைச் சொன்னாலும் அது எவருடைய கொடியிலாவது இருந்தது. இறுதியில் வெள்ளையே ஒருமனதாக நிறைவேறியது. சுண்ணாம்புக்கு இப்படியும் ஒரு நன்மை உண்டு.

காலத்தைப் பற்றி ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய பிறகு, பொங்கலுக்காக மார்கழியில் எல்லோரும் மட்டையை எடுக்கிறோம். சுண்ணாம்புக்கு அது தடையில்லை. சற்று ஈரம் அதற்கு நல்லதுதான். எமல்ஷனும் எனாமலும் அடிக்க நினைப்பவர்கள் மாசி, பங்குனி வரை பொறுங்கள். பொங்கலுக்கு வாசற்சுவரில் மட்டும் வெள்ளையும் காவியும் இட்டுக்கொண்டால் பண்டிகைக்குக் குறைவில்லை.

நேற்று மாலை நீற்றிய சுண்ணாம்பு இக்கட்டடத்தின் பின்புறம் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. தேநீர் அருந்திய பின் அனைவரும் அங்கே வாருங்கள். வடிகட்டுவது முதல் பூசுவது வரை நம் கொத்தனார் செய்து காட்டுவார். தாங்களே மட்டை பிடித்துப் பார்க்க விரும்புபவர்கள் மேல்துண்டை இங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது.