மாடியில் வலை கட்டுவதற்கு முன்

(நமது குடியிருப்பின் மாடித்தோட்டக் குழுக் கூட்டத்தில், குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பி பிளாக் மாடியில் நிரந்தர நிழல்வலை அமைக்கும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது.)

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். பின்வரிசையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார், அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தீர்மானத்தை எல்லோரும் வாட்சாப்பில் படித்திருப்பீர்கள். பி பிளாக் மாடியில் 12 மீட்டருக்கு 12 மீட்டர் இடம். பன்னிரண்டு இரும்புக் குழாய்த் தூண், தளத்தில் துளை போட்டு போல்ட் அடிப்பது. மேலே தட்டையாக 75 சதவீதப் பச்சை வலை, மேற்கிலும் தெற்கிலும் பக்கவாட்டு வலை. வருஷம் முழுக்க அப்படியே இருக்கும். காரணமும் நியாயமானது. போன ஏப்ரலில் தக்காளி வெந்துபோனது, மே மாதம் ஆலங்கட்டி விழுந்து குடைமிளகாய் ஓட்டை ஓட்டையானது. மூன்று மாத உழைப்பு பத்து நிமிடத்தில் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

நான் ஓசூரைச் சுற்றி, தளி, கெலமங்கலம், பாகலூர்ப் பக்கமெல்லாம் விவசாயிகளுக்கு நிழல்வலைக்குடில் போட்டுக்கொடுக்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். வலை வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் இந்தத் தீர்மானத்தில் இருக்கும் வலைக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் வெயில். கடையில் 35, 50, 75, 90 என்று எழுதியிருக்கிறதே, அது வலையின் தடிமன் என்று பலர் நினைக்கிறார்கள். அது வலை எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்ற கணக்கு. 75 சதவீத வலை என்றால் செடிக்குக் கிடைப்பது கால் பங்கு வெளிச்சம். ஆந்தூரியம் வளர்ப்பவர்களுக்கு அது சரி. தக்காளிக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது பட்டினி. செடி நெடுநெடுவென்று வளரும், இலை பெரிதாகும், பார்க்க அழகாக இருக்கும், பூ உதிரும். "நன்றாகத்தான் இருக்கிறது, காய்தான் பிடிக்கவில்லை" என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் நிழல் அதிகமான குடில் வைத்திருந்தவர்கள்.

காய் வெந்துபோவது வேறு விஷயம். நேர் வெயிலில் இருக்கும் காயின் தோல், சுற்றியுள்ள காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாகச் சூடேறும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டங்களில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பழத்தோல் 46 டிகிரியைத் தாண்டினால் பழுப்புத் தழும்பு விழுகிறது, 52 டிகிரியில் தோலே செத்துக் கருகிவிடுகிறது. இந்தச் சில டிகிரியைக் குறைக்கத்தான் வலை. அதற்கு 35 சதவீதம் போதும், மிஞ்சினால் 50. கீரைக்கும் நாற்றுக்கும் 50 வைத்துக்கொள்ளலாம்.

பச்சை நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. செடி பச்சை என்பதால் வலையும் பச்சையாக இருந்தால் நல்லது என்பது கண்ணுக்கான சமாதானம். வெள்ளை வலை வெளிச்சத்தைச் சிதறடித்து அடி இலைவரை கொண்டுபோகும். கறுப்பு வலை தானே சூடாகும், ஆனால் அதிக நாள் உழைக்கும். நம் மாடிக்கு வெள்ளையைத்தான் சொல்வேன்.

வெயிலின் கொடுமை நமக்கு எத்தனை நாள்? பிப்ரவரி கடைசியில் இருந்து ஜூன் முதல் வாரம் வரை, சுமார் நூறு நாள். மற்ற மாதங்களில் ஓசூரில் மேகம்தான், செடி வெயிலுக்கு ஏங்கும். வருஷம் முழுக்க வலை போட்டால் 265 நாள் செடியின் சோற்றில் நாமே கை வைக்கிறோம். பழைய வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். அகத்தியை நட்டு அதன் நிழலில் கொடியை ஏற்றுவார்கள். நிழல் கூடினால் அகத்தியைக் கழித்துவிடுவார்கள், ஆட்டுக்குத் தழையாகவும் ஆயிற்று. நிழலைக் கூட்டவும் குறைக்கவும் கையில் வழி இருந்தது. போல்ட் அடித்த வலையில் அந்த வழி இல்லை.

இப்போது ஆலங்கட்டிக்கு வருகிறேன். இதில்தான் நான் நிறைய சேதம் பார்த்திருக்கிறேன்.

ஆலங்கட்டியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். விழும் வேகமும் கூடும், சுமார் ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அடியின் பலம் சுமார் 16 மடங்கு. அதனால்தான் கொத்தமல்லி அளவு விழும்போது வேடிக்கை பார்க்கிறோம், நெல்லிக்காய் அளவு விழும்போது கார் கண்ணாடி போய்விடுகிறது. நல்ல வலை இந்த அடியைத் தாங்கும். வலை தோற்பது அடியில் இல்லை, அதற்குப் பிறகு சேரும் எடையில்.

தட்டையாகக் கட்டிய நிழல்வலையின் கண் சின்னது. ஆலங்கட்டி உள்ளே விழாமல் மேலேயே தங்கும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தங்கினால் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல். நம் தீர்மானத்தில் இருக்கும் வலை 144 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கே முக்கால் டன் ஐஸ். அதுவும் பரவலாக நிற்காது. வலை நடுவில் கொஞ்சம் தொய்ந்தாலும் எல்லாம் அங்கே உருண்டு வந்து சேரும். இன்னும் தொய்யும், இன்னும் சேரும். தூண்கள் உள்பக்கம் சாயும்.

பாகலூர்ப் பக்கம் ஒரு மே மாத மாலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு குடிலைப் பார்த்தேன். ஒன்று தட்டைக் கூரை, தடித்த குழாய், செலவு அதிகம். மறுநாள் காலையில் அது ஒரு பெரிய தொட்டில் மாதிரி தொங்கியது, அடியில் மிளகாய்ச் செடியெல்லாம் நசுங்கிக் கிடந்தது. அடுத்தது, வரிசைக்கு வரிசை கூரை முகடு மாதிரி உயர்த்தி, இரண்டு சரிவு சேரும் இடத்தில் வலையைத் தைக்காமல் கொக்கியில் மட்டும் மாட்டியது. எடை சேர்ந்ததும் கொக்கி விட்டுக்கொடுத்திருக்கிறது. ஐஸ் முழுக்க நடைபாதையில் குவிந்து கிடந்தது. அந்தப் பெரியவர் தொரட்டியால் வலையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு டீ கொடுத்தார், பக்கத்துத் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இது அவர் கண்டுபிடித்தது இல்லை. இத்தாலியின் வடக்கே, ஜெர்மனியில், ஆப்பிள் தோட்டங்களில் ஆலங்கட்டி வலையை இப்படித்தான் கட்டுகிறார்கள். மர வரிசைக்கு மேலே முகடு, நடைபாதைக்கு மேலே பள்ளம், பள்ளத்தில் பாரம் ஏறினால் விடும் பிளாஸ்டிக் கிளிப்.

நம் நாட்டில் இந்த வலைக்கு அதிகம் தவிப்பவர்கள் ஹிமாசலக்காரர்கள். சிம்லா மாவட்டத்தில் கோட்கட் என்ற ஊரில் 1916இல் சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் என்பவர் அமெரிக்க ரக ஆப்பிளை நட்டதில் தொடங்கிய தொழில் அது. ஏப்ரல், மே மாதங்களில், பூவும் பிஞ்சுமாக இருக்கும் நேரத்தில்தான் அங்கே ஆலங்கட்டி விழும். பிஞ்சில் விழுந்த ஒரு புள்ளி, பழம் பெரிதாகும்போது தழும்பாகப் பெரிதாகும். சுவையில் குறையில்லை, ஆனால் நாம் கடையில் அந்தப் பழத்தைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். அது கடைசியில் ஜூஸ் ஆலைக்கு அடிமாட்டு விலைக்குப் போகும். அதனால் மாநில அரசே ஆலங்கட்டி வலைக்கு 80 சதவீதம் மானியம் கொடுக்கிறது. ஆனாலும் அங்கே பலர் வலையை நிரந்தரமாக விடுவதில்லை. மரத்தின் மேல் வலை இருக்கும்போது காலம் தப்பிப் பனி பெய்தால், வலையும் பனியும் சேர்ந்து கிளையையே முறித்துவிடும். பருவத்துக்கு விரித்து, பருவம் முடிந்ததும் சுருட்டி வைப்பதுதான் வழக்கம்.

நமக்குப் பனி கிடையாது. காற்று இருக்கிறது. கோடை மழைக்கு முன்னால் வரும் அந்தப் புழுதிக் காற்றை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம், துணி காயப்போட்ட அனுபவம் இருப்பவர்கள் கூடுதலாகப் பார்த்திருப்பார்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதற்கு முகம் கொடுக்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 24 கிலோ அழுத்தம். மேற்குப் பக்கவாட்டு வலை மூன்று மீட்டர் உயரம், 12 மீட்டர் நீளம் என்றால் 36 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 850 கிலோவுக்கு மேல். வலையில் கண் இருப்பதால் அதில் ஒரு பங்கு குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 75 சதவீத வலையில் கண் எங்கே இருக்கிறது? அது கிட்டத்தட்ட பாய்மரம். கட்டட இன்ஜினியர்கள் பயன்படுத்தும் ஐ.எஸ். 875 தரக் குறிப்பில் பெங்களூருக்கு அடிப்படைக் காற்று வேகமே நொடிக்கு 33 மீட்டர் என்று இருக்கிறது. அது மணிக்கு 119 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஐந்தாவது மாடிக்கு மேலிருந்து ஒரு இரும்புக் குழாய் பிய்த்துக்கொண்டால் அது விழும் இடம் குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் பாதை.

அடுத்தது அந்த போல்ட். பி பிளாக் மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்தது எவ்வளவு செலவில் என்று பொருளாளர் சொல்வார். அதில் பன்னிரண்டு தூணுக்கு, தூணுக்கு நான்காக 48 துளை போடப் போகிறோம். காற்றில் தூண் ஆட ஆட போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். ஐந்தாம் மாடி வீடுகளில் இருப்பவர்கள் இந்தக் கூட்டத்துக்கு அதிகம் வரவில்லை. அவர்களுக்குச் செடியும் இல்லை. கசிவு மட்டும் அவர்களுக்கு வரும். மாடியில் நிழல் விழுந்தால் அவர்கள் வீடு கொஞ்சம் குளிரும் என்ற லாபம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் துளை போடுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒரே பெரிய பந்தலுக்குப் பதிலாக மூன்றுக்கு ஆறு மீட்டர் அளவில் சின்னச் சின்னச் சட்டங்கள். தொட்டி வரிசைகளுக்கு மேலே மட்டும், எட்டடி உயரம். நடுவில் முகடு உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவு, ஐஸ் வழிந்து நடைபாதையில் விழட்டும். கால்கள் தளத்தில் துளைக்காமல் கான்கிரீட் எடைக்கட்டையில் நிற்கட்டும், அடியில் ரப்பர் விரிப்பு. கட்டைகள் உத்திரத்துக்கு மேலே வர வேண்டும். எடை எவ்வளவு, எங்கே வைப்பது என்பதைக் கட்டட இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், நான் சொல்வதை வைத்துச் செய்யாதீர்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலோ இடிதாங்கியிலோ சோலார் சட்டத்திலோ ஒரு கயிறுகூடக் கட்டக் கூடாது.

பக்கவாட்டு வலை வேண்டாம். காற்றும் போகும், தேனீயும் வரும். தக்காளி, மிளகாய்க்கு அவ்வளவு கவலையில்லை, தன் பூவிலேயே சேர்ந்துகொள்ளும். பாகல், சுரைக்கெல்லாம் பூச்சி வந்தால்தான் காய். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் மலரும், அந்த நேரத்தில் வருகிற பூச்சிக்கும் வழி வேண்டும்.

வலை வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். தட்டை நாடாவில் நெய்தது, நரம்பு மாதிரி உருண்டை இழையில் நெய்தது என்று இரண்டு உண்டு. கடையில் டேப், மோனோ என்பார்கள். மோனோ விலை கூடுதல், கிழியாது. புற ஊதாக் கதிர் தாங்கும்படி செய்ததா, ஐ.எஸ். 16008 முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

சட்டத்தில் வலையை இரும்புக் கம்பியால் முறுக்க வேண்டாம். ஒரு முனையை இழுத்தால் அவிழும் உருவு முடிச்சு போதும். பெருங்காற்றில் சட்டம் விழுவதைவிட வலை பறந்து மூலையில் தொங்குவது மேல், அதனால் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருக்கட்டும். ஜூன் மாதம் சுருட்டி வைத்துவிடலாம். இன்னொரு லாபம், தீபாவளி ராக்கெட் விழும் நேரத்தில் மாடியில் பிளாஸ்டிக் வலை இருக்காது. அது எரிந்தால் உருகிச் சொட்டும்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. கழற்றக்கூடிய வலையை யாராவது கழற்ற வேண்டும். வெயில் காயும் நாட்களும் ஆலங்கட்டி விழும் நாட்களும் ஒன்றுதான், ஏப்ரல், மே. சாதாரண ஆலங்கட்டிக்கு வலை விரித்தபடி இருக்கலாம், அதற்குத்தான் சரிவு. வானிலை மையம் பலத்த காற்று என்று எச்சரிக்கை விட்டால் அவிழ்த்துவிட வேண்டும். ஆறு சட்டம், இரண்டு பேர், பத்து நிமிட வேலை. அந்த இரண்டு பேர் யார் என்று பெயர் எழுதாமல் தீர்மானத்தை நிறைவேற்றாதீர்கள். காற்று எழும்பிய பிறகோ இடி இடிக்கும்போதோ யாரும் மாடிக்குப் போகக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்த நேரத்தில் வலை போனால் போகட்டும், ஒரு வலையின் விலை நமக்குத் தெரியும்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் திங்கள், செவ்வாய், புதன் நான் இருக்கிறேன். மற்ற நாளுக்கு ஆள் வேண்டும். மாடிக் கதவின் சாவி இப்போது காவலாளி அறையில் ஒன்றுதான் இருக்கிறது. நான்காம் மாடியில் யாராவது ஒருவர் வீட்டில் இரண்டாவது சாவி இருக்கட்டும். யார் வைத்துக்கொள்கிறீர்கள்?

செயலாளர் எழுந்துவிட்டார்.