முன் அச்சின் ஓசை



பண்டைநாளில் உப்பு வணிகர் வண்டி கட்டிக்கொண்டு நெடுந்தொலைவு செல்வர். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்துவிட்டால் நடுவழியில் என் செய்வது? அதன் பொருட்டு வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்தனர். புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில் இச்செய்தி வருகிறது. அந்த மாற்று அச்சுக்குச் சேம அச்சு என்று பெயர். இன்று செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் மீனும் பனிக்கட்டியும் சுமந்து ஓடும் பிக்கப் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் உண்டு. மாற்று அச்சு இல்லை. ஆதலின், அச்சு கெடுவதற்கு முன்னர் அது எழுப்பும் ஓசைக்குப் பொருள் காணத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறு பொருள் கண்ட ஒரு நிகழ்ச்சியை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டி பழுது பார்க்கும் தொழிலைச் செங்கற்பட்டில் இளைஞர்க்குக் கற்பிப்பவன் நான். 2023-ஆம் ஆண்டின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்த மீன் வணிகர் தம் வண்டியைக் கொண்டுவந்தார். முன்புறத்தில் ஒரு முனகல். வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. “இடப்பக்கந்தான் ஐயா! அந்தப் பக்கம் உட்கார்ந்து வருகிறவன் நான். என் காலடியிலேயே கேட்கிறது” என்றார். அவர் சொல்லை நம்பி, வேறொரு பட்டறையில் இடச் சக்கரத்தின் பேரிங்கை முன்னமே மாற்றியிருந்தார்கள். ஓசை சிறிதும் குறையவில்லை. இனி முன் அச்சின் பாகங்கள் அனைத்தையும் மாற்றிவிடலாம் என்று எவரோ யோசனை கூற, அதற்காக மனைவியின் வளையல்களை அடகு வைக்கவும் அவர் துணிந்திருந்தார். வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருவாய் இல்லை. நிறுத்தாமல் ஓட்டி, இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்சக்கரம் இறுகினாலோ கழன்றாலோ, போவது வருவாய் மட்டும் அன்று.

அந்த வண்டியில் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கே செல்லும். முன்சக்கரங்கள் வெறுமனே உருளும். அதனால் நம் சந்தேகத்துக்கு உரியவை குறைந்தன. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியாயின் முன் அச்சில் பல்சக்கரங்களும் வளையும் இணைப்புகளும் இருக்கும். அவ்விணைப்பு தேய்ந்தால், முழுதும் திருப்பும்போது ‘டக் டக்’ என்று தட்டும். இங்கே அது இல்லை. நம் மாட்டுவண்டியில் குடம் என்று சொல்லும் சக்கரத்தின் நடுப்பகுதி இதிலும் உண்டு. அதனுள் இரண்டு பேரிங்குகள். ஒவ்வொன்றிலும் ஒருபுறம் சிறுத்த உருளைகள் இரு வளையங்களுக்கு இடையே உருளும். இவ்வகைப் பேரிங்குக்கு 1898-இல் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் ஹென்றி டிம்கன் என்பவர். குதிரை வண்டிகள் செய்தவர். திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் இது தாங்கும். (மாமல்லபுரத்துக் கல் ரதங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றுக்குச் சக்கரமே கிடையாது!)

பாகங்களைக் கழற்றாமல், முதலில் வண்டியில் ஏறிக்கொண்டோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து கடற்கரைச் சாலையை அடைந்தோம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. ஓசை என்ன மறுமொழி கூறுகிறது என்று கேட்பது. இதுவே எங்கள் முறை. ஆளரவமற்ற நேர்ச்சாலையில் கியரை விடுவித்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டோம். முனகல் நிற்கவில்லை; எனவே எஞ்சின் குற்றவாளி அன்று. பிரேக்கை இலேசாக மிதித்தோம், வேறுபாடு இல்லை. வழவழப்பான தாரிலிருந்து கரடுமுரடான தாருக்குச் சென்றோம். டயரின் ஓசையாயின் அங்கே குரல் மாறியிருக்கும், இது மாறவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. அவ்வண்டியின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் செல்லும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏழரைச் சுற்று. டயரில் ஒரு கல் சிக்கியிருந்தால் நொடிக்கு ஏழெட்டுத் தட்டுகள் கேட்கும். பேரிங்கில் இருபது உருளைகள் இருப்பதாகக் கொள்வோம். வளையத்தில் ஒரு வடு விழுந்தால், அது வெளி வளையமா உள் வளையமா என்பதைப் பொறுத்து, ஒரு சுற்றுக்கு எட்டு அல்லது பன்னிரண்டு தட்டுகள் எழும். அதாவது நொடிக்கு 60 முதல் 90 வரை. காது அவற்றைத் தனித்தனியே எண்ண இயலாது, முனகலாகவே கேட்கும். வேகத்தை 10 கிலோமீட்டராகக் குறைத்தபோது, அந்த முனகல் ‘கறகற’ என்று உதிர்ந்தது. ஆகவே பேரிங் என்று துணிந்தோம்.

ஆனால் எந்தப் பக்கம்? வண்டி இடப்புறம் வளையும்போது பாரம் வலச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. வலப்புறம் வளைந்தால் இடச் சக்கரத்தின்மேல். இடப்புற வளைவில் ஓசை ஓங்கியது. வலப்புற வளைவில் அடங்கியது. வணிகர் வியப்போடு என்னைப் பார்த்தார். இம்முறை பெரும்பாலும் பொய்க்காது எனினும், இதை மட்டும் நம்பி நட்டைக் கழற்றுவது எனக்கு உடன்பாடு அன்று.

திரும்பிவந்து ஜாக்கியால் தூக்கி, வண்டியைத் தாங்குகட்டைகளின்மேல் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுவோரை நான் கண்டித்தே வருகிறேன். வலச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் சிறிது ஆடியது. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டபோது அந்த ஆட்டம் மறைந்தது. ஆட்டம் நீங்காதிருந்தால் பழுது பந்து மூட்டில் இருக்கக்கூடும். சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது காதுக்கு ஒன்றும் எட்டவில்லை, பாரம் இல்லாமையால். ஆயினும் ஸ்பிரிங்கின்மேல் வைத்த விரல்களில் மணலை அரைப்பது போன்ற நறநறப்புத் தெரிந்தது. இடப்பக்கம் அமைதி.

அவ்வாறாயின், இடப்புறக் காலடியில் ஓசை கேட்டது ஏன்? இடச் சக்கரத்தின் மேலிருந்த தகட்டில் ஓர் ஆணி தளர்ந்திருந்தது. வலப்புறத்து அதிர்வு இரும்புச் சட்டத்தின் வழியே பரவி, அத்தகட்டைப் பாட வைத்தது. ஒத்ததிர்வு என்று பாடநூலில் நீங்கள் படிப்பது இதுவே. வாகன ஆராய்ச்சி நிலையங்களில் இத்தகைய அதிர்வை அளக்கக் கருவிகள் உண்டு. அத்தகைய நிலையம் ஒன்று செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா நகரிலேயே 2012-இல் திறக்கப்பட்டது. பட்டறைக்காரருக்கு வாய்த்த கருவி, காதோடு சேர்த்துப் பிடிக்கும் ஸ்குரூ டிரைவர்தான். தகட்டை ஒரு கையால் அழுத்தியிருந்தாலே ஒரு பேரிங்கின் விலை மிஞ்சியிருக்கும்.

வலச் சக்கரத்தின் குடத்தைத் திறந்தோம். கிரீஸ் பாலில் கலந்த காப்பி போல வெளுத்திருந்தது. நீர் புகுந்ததற்கு அடையாளம். வளையத்தில் உருளைக்கு உருளை எவ்வளவு இடைவெளியோ, அதே இடைவெளியில் கறுத்த கோடுகள் இருந்தன. சில கோடுகளில் எஃகு பொரிந்து உதிர்ந்திருந்தது. ஓடும் பேரிங்கில் துரு இப்படி வரிசை பிடித்து அமையாது. “வண்டி எப்போதாவது நீரில் நின்றதா?” என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்ததல்லவா? அன்று மாலை சந்தையிலிருந்து திரும்பிய வண்டியைக் கழிமுகத்தை ஒட்டிய சாலையோரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். வலச் சக்கரங்கள் பள்ளத்தில். இரண்டு நாள் உவர்நீரில்.

ஓடிவந்த குடம் சூடாக இருக்கும். நீர் சூழ்ந்ததும் அது குளிர, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அழுத்தம் குறைந்து, ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியே நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். வாயுக்களின் விதியைக் கற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வடு விழுந்த எஃகு அன்றே முனகாது. மாதக்கணக்கில் உருண்டு, மெல்லப் பொரிந்த பின்னரே குரல் கொடுக்கும்.

வலப்புறத்துப் பேரிங்குகள் இரண்டையும் வளையங்களோடும் ரப்பரோடும் மாற்றினோம். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின்னர்ச் சிறிது தளர்த்தி, புதிய காட்டர் பின் செருகினோம். வளையல்கள் வீட்டிலேயே இருந்தன.

உங்கள் வீட்டுச் சைக்கிளிலும் இதனைச் செய்து பார்க்கலாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றி, அதன் கவைக்கம்பியில் விரல் நுனிகளை வையுங்கள். பின்னர் விரல்களைக் கைப்பிடிக்கு மாற்றுங்கள். இரண்டு இடங்களிலும் அதிர்வு ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள்.