சோலர் வாங்கினால் துண்டையும் வாங்குங்கள்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து, தண்ணி பிடித்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகப் பேசுகிறோம்.

2022 ஆகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம் கூடியது. அதற்குப் பிறகு குறைந்ததும் உண்டு. ஆனாலும் அந்தப் பில்லைக் கண்ட பயம் நம்ம மனதை விட்டுப் போகவில்லை. அந்தப் பயத்தை நம்பித்தான் சம்பள நாள் பார்த்து சோலர் முகவர்கள் லயத்துப் பக்கம் வருகிறார்கள். சோலர் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. குப்பி லாம்புப் புகையில் படித்தவர்கள்தானே நாங்களும்! வாங்குகிற முறையைத்தான் சொல்ல வந்தோம்.

மேற்கணக்கில் ஒரு குடும்பம் தவணைக்கு ஒரு சோலர் தகடும், பெட்டரியும், மூன்று பல்பும் வாங்கியது. "20 வருஷம் கேரண்டி" என்றாராம் முகவர். ஐந்தாம் மாதம், மழைக்காலத்தில், வெளிச்சம் மங்கி நின்றுவிட்டது. போன் போட்டால் எடுக்கவில்லை. அந்த அக்கா எங்களிடம் வந்தார். "துண்டு எங்கே அக்கா?" என்று கேட்டோம். "துண்டு ஒண்ணும் தரல்லீங்க சார், ஒரு புத்தகத்துல கையெழுத்து மட்டும் வாங்கினாங்க" என்றார். வெளிச்சம் நின்றது, தவணை நிற்கவில்லை. முகவர் வந்த அன்றைக்கே இதையெல்லாம் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பிழை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்கும் உரியதுதான். நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். பொய் சொல்லிப் பொருள் விற்கக் கூடாது. கொடுத்த உத்தரவாதத்தை மீறினால் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் அதை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த அக்கா வந்தது ஐந்தாம் மாதம். துண்டும் இல்லை, காலமும் கடந்துவிட்டது.

ஆகவே நாலு விஷயத்தை மனதில் வையுங்கள்.

ஒன்று: பணம் கொடுக்கும் முன் துண்டைக் கேளுங்கள். கடையின் பெயர், விலாசம், திகதி, விலை, பொருளின் விபரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். துண்டு தர மறுக்கிறவரிடம் பொருள் வாங்காதீர்கள்.

இரண்டு: கேரண்டி எதற்கு என்று கேளுங்கள். தகடு 20 வருஷத்துக்கு மேலும் உழைக்கலாம். பெட்டரி சில வருஷம்தான் உழைக்கும். தகட்டுக்கு எத்தனை வருஷம், பெட்டரிக்கு எத்தனை வருஷம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

மூன்று: விளங்காத பாஷையில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தவணை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு பிரதியைக் கையோடு வாங்குங்கள்.

நாலு: "கரண்டை விற்றுக் காசு பார்க்கலாம்" என்று சொன்னால் அவசரப்படாதீர்கள். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது? லயத்துக் கூரையில் தகடு பூட்ட தோட்ட நிர்வாகம் எழுத்தில் அனுமதி தந்ததா? 2016இல் சூரிய பல சங்ராமய திட்டம் தொடங்கியபோது, மேலதிகமாகக் கொடுக்கும் ஒரு அலகுக்கு முதல் 7 வருஷம் 22 ரூபா, பிறகு 15 ரூபா 50 சதம் என்று வைத்தார்கள். அதன் பின் புதிதாகச் சேருகிறவர்களுக்கான விலை பல தடவை மாறிவிட்டது. ஆகவே முகவர் வாயால் சொல்லும் விலையை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். மின்சார அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொருள் பழுதானால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். அரசாங்கக் காரியாலயத்துக்குத் தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் பெட்டியில் பத்திரமாக வைக்கிறோம் அல்லவா? அதோடு இந்தத் துண்டையும் வையுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறோம்.