காலையில் சங்ககிரி, மதியம் காவிரி: ஆடி 18 அன்று போன ஒரு நாள் டிரிப்

போன எபிசோட்ல சொன்ன மாதிரி இன்னிக்கு டெக் பேச்சு கிடையாது. 2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, நம்ம லிசனர்ஸ் ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு நான் போன டிரிப் பத்தித்தான் பேசப் போறேன். அதுல நான் பண்ணின ஒரு தப்பு இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

இதோட ஆரம்பம் வியட்நாம்ல. ஆபீஸ் டீமோட ஹோ சி மின் சிட்டி போயிருந்தேன். அங்க ஒரே நாள்ல ரெண்டு இடம் காட்டுவாங்க. காலையில கூ சி சுரங்கம், மதியம் மேகாங் டெல்டா. கூ சி சுரங்கங்கள் 200 கிலோமீட்டருக்கும் மேல நீளம். அமெரிக்கப் போர் நடந்தப்ப மக்கள் உள்ளேயே சமைச்சு, தூங்கி, பிள்ளை பெத்து வாழ்ந்திருக்காங்க. அதைப் பார்த்துட்டு வெளிய வந்தா, மதியம் தென்னந்தோப்புக்கு நடுவுல சின்னப் படகு, தேங்காய் மிட்டாய், மீன். எங்க கைடுக்கு அம்பது வயசு இருக்கும். படகுல உட்கார்ந்து அவர் சாதாரணமா கேட்டார், "உங்க ஊர்ல போர் எங்க நடந்தது?"

நான் "டெல்லி பக்கம் நடந்திருக்கு, பானிபட்..."னு ஏதோ உளறினேன். அவர், "இல்லை, உங்க ஊர்ல"ன்னார். எனக்கு பதில் வரல.

எனக்கு அம்மா வழி ஊர் பரமத்தி வேலூர் பக்கம். நாலு வருஷம் காலேஜ் பஸ்ல சேலம் - கொச்சி ஹைவேல போயிட்டு வந்திருக்கேன். தினமும் ஜன்னல் வழியா சங்ககிரி மலை தெரியும். மலைமேல சுவர் சுவரா கோட்டை தெரியும். நாலு வருஷத்துல ஒரு நாள் கூட இறங்கிப் பார்க்கல. சங்ககிரின்னா எங்களுக்கு லாரி. டயர் கடை, பாடி கட்டுற பட்டறை, டீசல் வாசம், அவ்வளவுதான்.

அப்போ முடிவு பண்ணினேன், கூ சி - மேகாங் மாதிரி நம்ம ஊர்ல ஒன்னு போடணும்னு. தேதி தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆடி 18. தீரன் சின்னமலையை சங்ககிரியில தூக்குல போட்ட நாளும் அதுதான், காவிரிக்கு ஆடிப்பெருக்கும் அதுதான்.

இங்க ஒரு சின்ன டீடூர். ஸ்கூல் புக்ல 1805 ஜூலை 31ன்னு இருக்கும். தபால் துறை அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டதும் 2005 ஜூலை 31ல. ஆனா அரசு விழா ஆடி 18 அன்னிக்கு, அதாவது ஆகஸ்ட் 2 இல்ல 3. ஏன் ரெண்டு தேதின்னு ஒரு லிசனர் கேட்டிருந்தார். நம்ம சூரிய வருஷக் கணக்கு இங்கிலீஷ் காலண்டர் வருஷத்தைவிட சுமார் 23 நிமிஷம் நீளம். அறுபது வருஷம் சேர்ந்தா கிட்டத்தட்ட ஒரு நாள். 1805லருந்து 2024க்கு 219 வருஷம், அதாவது மூணரை நாள் தள்ளிப் போயிருக்கும். ஆகஸ்ட் 3லருந்து பின்னாடி போனா ஜூலை 31 பக்கம் வந்து நிக்குது. ரெண்டும் ஒரே நாள்தான், பக் எதுவும் இல்லை. சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தப்ப எனக்கே புல்லரிச்சிடுச்சு. அந்த 1805 ஆடி 18 அன்னிக்கும் கீழ ஆத்தங்கரையில பொம்பளைங்க காப்பரிசி வெச்சுக் கும்பிட்டிருப்பாங்க இல்லையா. மலைமேல இது நடந்துக்கிட்டு இருந்திருக்கு.

சரி, காலையில ஆறரைக்கு சேலம் புது பஸ் ஸ்டாண்ட்ல டெம்போ டிராவலர் ஏறியாச்சு. என்கிட்ட ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஒவ்வொரு பதினஞ்சு நிமிஷத்துக்கும் ஒரு வரி. 7:45 மலை ஏற ஆரம்பிக்கிறோம், 10:30 இறங்குறோம், 12:00 ஜேடர்பாளையம். அங்க எங்க அம்மாயி வந்திடுவாங்க. அவங்களுக்கு வயசு எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு. ரெண்டு மூணு வருஷமா முட்டி வலியால ஆத்துக்குப் போகல. "இந்த வருஷம் நான் கூட்டிட்டுப் போறேன் அம்மாயி, என் வேன்லயே திரும்பலாம்"னு நானே வாக்கு கொடுத்திருந்தேன். மாமா அவங்களைக் காலையிலேயே பைக்ல கொண்டுவந்து விட்டுட்டு வேலைக்குப் போயிடுவார். பன்னெண்டு மணிக்கு நாம இருப்போம். பிளான் அதுதான்.

சங்ககிரி நெருங்கும்போதே புரிஞ்சிடுச்சு. ஆடி 18 அன்னிக்கு அங்க நான் மட்டுமா வருவேன்? ஒவ்வொரு கட்சியும் வருது. ஒவ்வொரு அமைப்பும் வருது. மாலை, மேளம், கொடி கட்டின கார் வரிசை, போலீஸ் தடுப்பு. வேனை ரொம்ப தூரத்துலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. மலை ஏற ஆரம்பிச்சப்போ மணி ஒன்பதரை. தேதியோட சிம்பாலிசத்தைப் பார்த்தேனே தவிர, கூட்டத்தை யோசிக்கவே இல்லை. ப்ரொடக்‌ஷன்ல பீக் லோட் யோசிக்காம ரிலீஸ் பண்ற மாதிரி.

கோட்டையைப் பத்திச் சொல்லணும். விஜயநகர காலத்துல ஆரம்பிச்சு மைசூர் ஆட்சி வழியா கம்பெனி காலம் வரைக்கும் வளர்ந்த கோட்டை. மலையைச் சுத்திச் சுத்தி ஒன்னுக்கு மேல ஒன்னா சுவர், ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வாசல். ஒரு வாசல் தாண்டினதும் வந்தாச்சுன்னு நினைப்போம், திரும்பினா அடுத்த வாசல். வழியில பெருமாள் கோயில் இருக்கு, முஸ்லிம்கள் வழிபடுற இடம் இருக்கு, மழைத்தண்ணி தேங்குற சுனை இருக்கு. குடிக்கிற தண்ணி நாமதான் எடுத்துட்டுப் போகணும். நான் ஆளுக்கு ஒரு லிட்டர்னு கணக்குப் போட்டேன், பத்தல. மூணாவது வாசல்கிட்ட ஒரு தம்பிக்குத் தலை சுத்திடுச்சு. உட்கார வெச்சு, குளுக்கோஸ் கொடுத்து, அரை மணி நேரம். அவர் "நீங்க போங்க ப்ரோ, நான் இங்கயே இருக்கேன்"ன்னார். விட்டுட்டுப் போக முடியுமா? ரெண்டு பேர் கூட உட்கார்ந்தாங்க, மீதிப்பேர் மெதுவா ஏறினோம்.

அந்த இடைவெளியில நான் சொன்ன கதை இதுதான். 1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. மூணாவது மைசூர் போர்ல தோத்த திப்பு, சேலத்தையும் பாராமகாலையும் கம்பெனிக்குக் கொடுத்தார். கோயம்புத்தூர் பக்கம் அவர்கிட்டயே இருந்தது. 1799 மே 4ல அவர் இறந்த பிறகுதான் அதுவும் கம்பெனிக்குப் போச்சு. இப்ப மேப்பைக் கண்ணுக்குள்ள ஓட்டிப் பாருங்க. இந்தப் பக்கம் சங்ககிரி, திருச்செங்கோடு, பரமத்தி. அந்தப் பக்கம் ஈரோடு, கரூர். நடுவுல காவிரி. ஏழு வருஷம் அந்த ஆறுதான் ரெண்டு நாட்டுக்கு நடுவுல எல்லை. பள்ளிபாளையத்துல டீ குடிச்சுட்டு பாலம் தாண்டி ஈரோட்டுக்கு வேலைக்குப் போறோமே, அது இன்டர்நேஷனல் பார்டர்.

சின்னமலை அந்தக் கரைக்காரர். 1756ல காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்துல பிறந்தவர், இயற்பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறிச்சு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை பிடுங்கிக்கிட்டான்னு போய்ச் சொல்லு"ன்னு அனுப்பினதா கதை. அப்படி மைசூரை எதிர்த்தவர்தான் பின்னாடி திப்புவோட சேர்ந்து கம்பெனியை எதிர்க்கிறார். திப்பு போன பிறகும் நிக்கல. 1801ல காவிரிக்கரை, 1802ல ஓடாநிலை, 1804ல அரச்சலூர்னு மோதல். கடைசியில ஓடாநிலைக் கோட்டையை பீரங்கியால தரைமட்டமாக்கினாங்க. பழனி மலைப்பக்கம் மறைஞ்சிருந்தவரைச் சமையல்காரர் காட்டிக்கொடுத்தார்னு சொல்வாங்க. பிடிச்சு, ஆறு தாண்டிக் கொண்டுவந்து, இந்த மலைமேல தூக்குல போட்டாங்க, தம்பிகளையும் சேர்த்து. ஏன் இங்க? இது என் ஊகம்தான்: அவரோட சொந்த ஊர்ல செய்ய கம்பெனிக்குப் பயம். 1792லருந்து கையில இருந்த கோட்டை இது, படை இருந்த இடம்.

மேல போய் அந்த இடத்துல நின்னப்ப பெருசா ஒன்னும் இல்லை. பாறை, காத்து, கீழ திருச்செங்கோடு மலை. கீழேருந்து கட்சிக்காரங்க கோஷம் லேசாக் கேட்டது. எங்க குரூப்ல ஒரு பொண்ணு, ஐடி வேலை, சென்னை. ரொம்ப நேரம் பேசாம நின்னுட்டு, "இவ்ளோ படி ஏத்தியா கொண்டுவந்தாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் எழுதி வெச்சிருந்த ஸ்கிரிப்ட்ல அது இல்லை. தூக்குல போடப் போற மனுஷனையும் இதே வாசல் எல்லாம் தாண்டி நடத்தித்தானே கொண்டுவந்திருப்பாங்க.

இறங்கி வேன்ல ஏறினப்ப மணி ஒன்றரை. போன்ல பதினொரு மிஸ்டு கால். எல்லாம் அம்மாயி.

ஜேடர்பாளையம் போற வழியில இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. ஜூலை 30ல மேட்டூர் 120 அடி தொட்டிருந்தது. உபரித் தண்ணி லட்சம் கன அடிக்கு மேல வெளிய வந்துக்கிட்டு இருந்த வாரம் அது. குமாரபாளையம், பள்ளிபாளையத்துல கரையோர வீடுகளுக்குள்ள தண்ணி வந்து ஆளுங்க முகாம்ல இருந்தாங்க. ஆடிப்பெருக்குக்கு ஆத்துல இறங்கக் கூடாதுன்னு தடை. எனக்கு நியூஸ் தெரியும். ஆனா ஸ்ப்ரெட்ஷீட்ல "காவிரி - 2 மணி நேரம்"னு போட்ட வரியை நான் மாத்தவே இல்லை.

படுகை அணைக்கு முன்னாடியே தடுப்பு. அம்மாயி ஒரு கடையோரம் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. மடியில ஒயர் கூடை. அதுல மஞ்சள், காதோலை கருகமணி, காப்பரிசி, வெத்தலை, புது மஞ்சக்கயிறு. என்னைப் பார்த்ததும் திட்டுவாங்கன்னு நினைச்சேன். "ஏங் கண்ணு, சாப்பிட்டியா? கூட வந்த புள்ளைங்க சாப்பிட்டாங்களா?"ன்னாங்க. கடைக்காரம்மாதான் எங்கிட்ட, "காலைல எட்டு மணியில இருந்து இங்கதானுங்க உக்காந்திருக்காங்க. சாமி கும்பிடாம பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னுட்டாங்க"ன்னு சொன்னாங்க. மணி ரெண்டே முக்கால். சர்க்கரை இருக்கிற ஆளு. எனக்கு எங்க பார்க்கிறதுன்னு தெரியல.

எங்க குரூப்ல ஒருத்தர், "அந்தச் சந்து வழியா இறங்கலாம் ப்ரோ, ரெண்டு நிமிஷம்தான்"ன்னார். அம்மாயி அவரைக் கூப்பிட்டு பக்கத்துல உட்கார வெச்சாங்க. அவங்க கூடப்பிறந்த தம்பி இந்த ஆத்துலதான் போனவர். வெள்ளத்துல இல்லை, முட்டி அளவு தண்ணியில. மணல் அள்ளின குழி. மேல இருந்து பார்த்தா தெரியாது. அதை அவங்க அழாம, ஊர்க்கதை மாதிரி சொல்லி முடிச்சாங்க. எனக்கு அந்தக் கதை அரைகுறையாத்தான் தெரியும், முழுசாக் கேட்டது அன்னிக்குத்தான். அதுக்கப்புறம் யாரும் சந்தைப் பத்திப் பேசல.

"ஆத்துக்கு எதுக்கு? ராசா வாய்க்காலுக்குப் போலாம். அதுலயும் இந்தத் தண்ணிதான ஓடுது"ன்னு அவங்களே எழுந்துட்டாங்க.

ராஜா வாய்க்கால்தான் அந்த டிரிப்போட பெஸ்ட் பார்ட்னு இப்ப தோணுது, பிளான்லயே இல்லாத இடம். ஜேடர்பாளையத்துல காவிரியிலிருந்து பிரியிற வாய்க்கால். அல்லாள இளைய நாயக்கர் வெட்டினதா இந்தப் பக்கம் எல்லாரும் சொல்வாங்க, அங்க அவருக்குச் சிலையும் இருக்கு. "இது டெல்டாவா ப்ரோ?"ன்னு கேட்டாங்க. இல்லை. டெல்டா திருச்சிக்கு அந்தப் பக்கம். மேட்டூர்ல திறக்கிற தண்ணியில பெரும்பகுதி எங்க ஊரைத் தாண்டி அங்கதான் போகுது. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்ல மூணு மாவட்டத்துக்கும் சேர்த்து 45,000 ஏக்கர்தான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வாழை, வெத்தலைக் கொடிக்கால், மஞ்சள், கரும்பு. கொஞ்சம் மேட்டுல ஏறினா மரவள்ளி, நிலக்கடலை, அப்புறம் கோழிப்பண்ணை, தறிச்சத்தம். வேன்லருந்து பார்த்தாலே அந்தக் கோடு தெரியும்.

அம்மாயி வாய்க்கால் படியில உட்கார்ந்து எல்லாத்தையும் எடுத்து வெச்சு, சூடம் ஏத்தி, தண்ணியில விட்டாங்க. சென்னைப் பொண்ணுக்கும் மஞ்சக்கயிறு கட்டிவிட்டாங்க. காப்பரிசி எல்லார் கைக்கும் வந்தது. அப்புறம்தான் அவங்க ஒரு டம்ளர் தண்ணி குடிச்சாங்க.

பக்கத்துல ஒரு கொடிக்கால். அகத்தி மரத்துல வெத்தலைக் கொடி ஏறியிருக்கும், உள்ள போனா ஏசி மாதிரி இருக்கும். இலையை எண்ணி அடுக்குற வேகத்தை நீங்க பார்க்கணும். நூறு வெத்தலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. ஏன் 104ன்னு கேட்டேன். "அப்படித்தானுங்க"ன்னாங்க. எனக்குப் பிடிச்ச டாக்குமென்டேஷன்.

மீன் வறுவல் சாப்பிடும்போது மணி நாலரை. ஜேடர்பாளையம் போயிட்டு மீன் சாப்பிடாம வந்தா அது குத்தம். அம்மாயி சைவம், நோம்பி நாள் வேற. தயிர்சாதம் வாங்கிக் கொடுத்து, வேன்ல முன் சீட்டுல உட்கார வெச்சு வீட்டுல விட்டோம். இறங்கும்போது அந்த மலை ஏறின கதையைக் கேட்டாங்க. சொன்னேன். "எங்கப்பாரு அந்தக் கோட்டையப் பத்திப் பாட்டாவே படிப்பாரு. எனக்கு ரெண்டு அடிதான் நெனவிருக்குது"ன்னாங்க. பாடுங்கன்னேன். "இன்னொரு நாளைக்கு. இன்னைக்குத் தொண்டை வறண்டிருச்சு"ன்னு உள்ள போயிட்டாங்க.

ரெக்கார்டர் என் பாக்கெட்லதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் தனியா வேலூர் போறேன். ஸ்ப்ரெட்ஷீட் இல்லாம.

குரூப் டிரிப் கேட்டு மெசேஜ் அனுப்பினவங்களுக்கு: அடுத்த தடவை ஆடி 18 வேண்டாம். கார்த்திகை, மார்கழியில போகலாம். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, தொப்பி, காலையில ஆறு மணிக்கு மலை அடிவாரம். முட்டி வலி இருக்கிறவங்க நேரா வாய்க்காலுக்கு வந்துடுங்க.