பெரிய கட்டைக்குச் சின்ன வேகம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கடைசல் தொழில் செய்யும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க குழு கடன் எடுத்து கடைசல் மிஷின் போட்டு மூணு வருஷம் ஆகுது. பம்பரம், சொப்பு, பூரிக்கட்டை என்று சின்னச் சாமான்கள்தான் செய்து வந்தோம். ஒருநாள் 12 அங்குல மரத்தட்டு பத்து வேணும்னு ஆர்டர் வந்தது. சந்தோஷத்தில் வாகைக் கட்டையை மாட்டினோம். ஆனால் பெல்ட்டை மாற்றவில்லை. பம்பரம் கடையும் அதே வேகத்தில் சுவிட்சைப் போட்டோம். மிஷின் மேசையோடு சேர்ந்து ஆடியது. நிறுத்தக் கை நீட்டுவதற்குள் கட்டை பிய்த்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் மோதியது. அங்கேதான் என் தங்கச்சி நின்றிருந்தாள். தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் நகர்ந்ததால் பிழைத்தாள். இன்றைக்கு நான் பேசுவது அதற்காகத்தான்.

ஏன் அப்படி ஆச்சு? ராட்டினத்தை நினைச்சுப் பாருங்க. நடுவில் இருப்பவர் மெதுவாகச் சுற்றுவார், ஓரத்தில் இருப்பவர் வேகமாகப் போவார். கட்டையும் அப்படித்தான். நிமிடத்துக்கு 1440 சுற்றில் 2 அங்குலக் கட்டையின் ஓரம் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும், சைக்கிள் மாதிரி. 12 அங்குலக் கட்டையின் ஓரமோ 80 கிலோமீட்டரைத் தாண்டும், பஸ் மாதிரி! இன்னொன்றும் இருக்கு. சுற்றை இரண்டு மடங்கு ஆக்கினால், கட்டையை வெளியே இழுக்கிற விசை நாலு மடங்கு ஆகும்.

அதனால் ஒரு கணக்கை மனசில் வைங்க. கட்டையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்குங்க. விடை 6000-லிருந்து 9000-க்குள் இருக்கணும். 9000-ஐத் தாண்டக் கூடாது. கோணலான கட்டை, புதுசாகப் பழகுபவர் என்றால் 6000-க்கும் கீழேயே வைங்க. நாங்கள் அன்று ஓட்டியது 12 பெருக்கல் 1440, அதாவது 17,280!

வேகத்தை மாற்றுவது எப்படி? எங்கள் மோட்டார் 1440 சுற்று. மோட்டார் புல்லி 2 அங்குலம், மிஷின் புல்லி 6 அங்குலம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, 480 சுற்று. இது 12 அங்குலத் தட்டுக்குச் சரி. மோட்டாரில் 3, மிஷினில் 5 என்றால் 864 சுற்று. இது 8 அங்குலக் கிண்ணத்துக்கு ஆகும். இரண்டும் 4 என்றால் அதே 1440. சின்னச் சாமானுக்கு மட்டும். பெல்ட்டை மாற்றும்முன் பிளக்கையே பிடுங்கிவிடுங்க.

சுவிட்ச் போடும்முன் இவற்றைப் பாருங்க:

1. கட்டையில் வெடிப்பு, தளர்ந்த கணு இருந்தால் மாட்ட வேண்டாம்.
2. மாட்டும்முன் மூலைகளை வெட்டி, முடிந்தவரை வட்டமாக்குங்க.
3. திருகுகள் இறுக்கமா, சாவி எடுத்தாச்சா என்று பார்த்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்க. எங்கேயும் இடிக்கக் கூடாது.
4. எப்பவும் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்க. ஆட்டம் இருந்தால் உடனே நிறுத்துங்க. வட்டம் சரியான பிறகே அடுத்த வேகம், அதுவும் கணக்குக்குள்.
5. கட்டை சுற்றும் நேர்க்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம். சுவிட்சைப் பக்கவாட்டில் நின்று போடுங்க.
6. முகத்துக்கு முழு மூடி போடுங்க. முந்தானையை இழுத்துச் செருகி, தலைமுடியைக் கொண்டை போட்டு, வளையலைக் கழற்றி வைங்க. கையுறை வேண்டாம். அது சுற்றும் கட்டையில் மாட்டினால் கையையும் இழுத்துவிடும்.

வேகம் குறைந்தால் வேலை தாமதமாகுமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் ஆகத்தான் செய்யும். அந்தப் பத்துத் தட்டையும் நாங்கள் 480 சுற்றில்தான் முடித்தோம். இரண்டு நாள் கூடுதல் ஆச்சு, பணம் முழுசாக வந்தது. கடன் தவணை தவறினால் அடுத்த மாதம் கட்டிக்கலாம். கண்ணும் கையும் போனால் எந்தக் குழுவிலும் கடன் கிடைக்காது.

எங்கள் மிஷின் சுவரில் இப்போது சாக்பீஸில் அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறோம். நீங்களும் எழுதி வையுங்கள்.