உளுந்துக்குக் கோழி எரு போடலாமா?

திருக்கடையூர்னா பலருக்கு அபிராமி கோயிலும் அறுபதாம் கல்யாணமும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு எங்க மாமாவோட வயல்.

போன வருஷம் பொங்கலுக்குப் போயிருந்தேன். வரப்போரமா ஒரு குவியல். மூக்கைப் பொத்தாம பக்கத்துல போக முடியல. நாமக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு டன் கோழி எரு இறக்கியிருந்தார். "நெல்லை அறுத்ததும் இந்த மூணு மா உளுந்துக்கும் வீசிடுவேன்டா"ன்னார். மூணு மான்னா ஒரு ஏக்கர்.

டெல்டாவுல உளுந்து சாகுபடியே தனி ரகம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, மண்ணு மெழுகு பதத்துல இருக்கும்போது, நிக்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளிப்பாங்க. உழவு கிடையாது. பெரும்பாலும் பாசனமும் கிடையாது. மண்ணுல மிச்சமிருக்கிற ஈரமும் பனியும்தான். ஆடுதுறை 3 உளுந்து இதுக்குப் பேர்போன ரகம்.

நான் கணக்குப் போட ஆரம்பிச்சேன். காஞ்ச கோழி எருவுல தழைச்சத்து சுமார் 3 சதவீதம். தொழு உரத்துல அரை சதவீதம்தான் இருக்கும். அப்போ ஒரு டன்னுல 30 கிலோ. கிட்டத்தட்ட ஒன்றரை மூட்டை யூரியா. பாசன உளுந்துக்கே பரிந்துரை ஏக்கருக்கு 10 கிலோதான். மூணு மடங்கு!

அதிகமானா என்னன்னு கேட்கலாம். உளுந்து வேர் முடிச்சுல ரைசோபியம்னு ஒரு பாக்டீரியா குடியிருக்கு. காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்கும், பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். மண்ணுலயே தழைச்சத்து கொட்டிக் கிடந்தா, செடி அந்தச் செலவை எதுக்குப் பண்ணும்? முடிச்சு குறைஞ்சிடும். அதோட, உழாத வயல்ல எருவை மண்ணோட கலக்கவும் முடியாது. மேலேயே கிடந்தா அம்மோனியாவாப் பறந்துடும். அந்த நாத்தமே காசு காத்துல போறதுதான். பச்சை எரு இளஞ்செடியைக் கருக்கவும் செய்யும்.

"காசு கொடுத்து வாங்கினதைக் காக்க வைக்கச் சொல்றியா?"ன்னு மாமாவுக்குக் கோபம். கடைசியில ஒரு மூலையில மட்டும் வீசினார். மிச்சத்தை வைக்கோலோட அடுக்கடுக்காப் போட்டு, ஈரம் காட்டி மக்க வச்சோம்.

முப்பதாவது நாள் பார்த்தா, அந்த மூலைதான் கரும்பச்சையா, உசரமா நின்னுச்சு. மாமா என்னைப் பார்த்துச் சிரிச்சார். பிடுங்கிப் பார்த்தோம், முடிச்சு அங்கொண்ணும் இங்கொண்ணும். பக்கத்துல குட்டையா நின்ன செடியில கொத்தாக இருந்துச்சு. நகத்தால கிள்ளினா உள்ளே ரத்தச் சிவப்பு. வேலை செய்யுதுன்னு அர்த்தம். அறுவடையில மூலையில இலைதான் அதிகம், காய் கம்மி. ஒரு மூலையை வச்சு எல்லா வயலுக்கும் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா மாமாவுக்கு அது போதுமா இருந்துச்சு.

மக்கின எருவை அடுத்த சம்பாவுக்குக் கடைசி உழவுல போட்டோம். கோழி எருவுல மணிச்சத்தும் இருக்கு. தழைச்சத்தை நெல் எடுத்துக்கும். மணிச்சத்துல ஒரு பங்கு மண்ணுல தங்கும். வேர் முடிச்சுக்குத் தேவையே அதுதான். உளுந்துக்கு நேரடியா வேணும்னா, விதையில கஞ்சியோட ரைசோபியம் கலந்துக்கலாம். பூக்கும்போது 2 சதவீத டிஏபி கரைசல் தெளிக்கலாம்.

ஆக, கோழி எரு நல்ல உரம்தான். அதை உளுந்துக்குப் போடாதீங்க, அதுக்கு முந்தின நெல்லுக்குப் போடுங்க. மாமா இந்த வருஷம் லாரியை ஆனி மாசமே வரச் சொல்லிட்டார்.

உங்க ஊர்ல எப்படின்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!