கம்பியில்லா வாய்க்கால்



காவிரி நாட்டாருக்கு வாய்க்காலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆறு கரை புரண்டோடினும், வாய்க்கால் தூர்ந்து போனால் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். அறிவும் அத்தகையதே. நகரில் நிறைந்திருக்கும் செய்தியைச் சிற்றூருக்குக் கொண்டு சேர்க்கும் வாய்க்கால் எது? அது யார் கையில் இருத்தல் வேண்டும்? இவையே இன்று நாம் ஆராயப் புகும் வினாக்கள்.

1960-களில் அவ்வாய்க்காலாக வானொலி விளங்கிற்று. திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு, ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைத் தஞ்சைக் குடியானவரிடையே பரப்பிற்று. மக்களோ அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு விட்டனர். ஆயினும் அது ஒருவழி வாய்க்கால். பயிரில் பூச்சி கண்ட உழவர் அக்கணமே ஐயம் கேட்க அதில் இடமில்லை.

இருவழி வாய்க்காலுக்கான முயற்சி 1998-இல் புதுச்சேரியில் தொடங்கிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, சுற்றுச் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவியது. தொலைபேசிக் கம்பி துணை செய்யாத இடங்களில் வானலைகள் கணினிகளை இணைத்தன; மின்சாரம் பொய்த்தபோது கதிரவன் ஒளி கைகொடுத்தது. வீராம்பட்டினத்தில், அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கி வழியே மீனவர் செவிக்கு எட்டிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் விடுத்த எச்சரிக்கையை நல்லவாடு மக்கள் தங்கள் அறிவு மைய ஒலிபெருக்கியில் முழங்கி, உயிர் காத்துக் கொண்டனர்.

அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, நம் திருவையாற்றிலும் செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களிலும் கிராம வள மையங்கள் தொடங்கப்பெற்றன. செயற்கைக்கோள் வழியே சிற்றூராரும் தொலைவிலுள்ள வல்லுநரும் முகம் பார்த்து உரையாட வழி பிறந்தது.

இனி, நிலத்தின் இயல்பைக் காண்போம். இணையம் சுமக்கும் நுண்ணலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. நம் சமவெளியில் தென்னையும் மூங்கிலும் அவற்றை மறிக்கும். இலைகளிலுள்ள நீர் அவற்றை உறிஞ்சும். பூமியின் வளைவும் ஒரு தடையே. 30 மீட்டர் கோபுரத்தின் உச்சியிலிருந்து நோக்கின் தொடுவானம் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் முடிந்து விடும். மலை நாட்டிலோ, மறிப்பதும் மலையே, உதவுவதும் மலையே. நேபாளத்தில் நாங்கி என்னும் மலையூரின் ஆசிரியர் மகாபீர் புன், மலை முகடுகளிலும் மரங்களிலும் அலைவாங்கிகளைப் பொருத்தி, போக்கராவிலிருந்து தம் ஊருக்கு இணையத்தைக் கொணர்ந்தார். 2007-இல் மகசேசே விருது பெற்றார். இந்தியாவிலும் 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த ஆற்றலில், உரிமமின்றித் திறந்தவெளியில் பயன்படுத்த அரசு இசைந்தது. அதனால் இத்தகைய முயற்சிகள் எளிதாயின.

‘இன்று கைபேசி இருக்க, இவையெல்லாம் எதற்கு?’ என நீங்கள் வினவலாம். நியாயமான வினா. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, டெல்டாவில் மின்கம்பங்கள் சாய்ந்தன. கைபேசிகள் பல ஊர்களில் ஊமையாயின. ஊரார் தாமே பழுது நீக்கக் கற்ற கருவியும், கதிரவனால் இயங்கும் மின்கலமும் அத்தகைய நாளில் எத்துணைப் பயன் தரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்றும் உண்டு. எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்து போகத்தக்க பொது இடத்திலேயே மையம் அமைய வேண்டும் என்பது புதுச்சேரி முயற்சியின் நிபந்தனை. அலைகளுக்குத் தெரு வேறுபாடு தெரியாது. அவற்றை வாங்கும் பெட்டியை எந்தத் தெருவில் வைப்பது என்பதை முடிவு செய்பவர் மனிதரே. முறை வைத்து நீர் பாய்ச்சவும், ஊர் கூடித் தூர் வாரவும் அறிந்தவர் நம் முன்னோர். அவ்வறத்தை இந்தப் புதிய வாய்க்காலுக்கும் உரியதாக்குவது, பொறியியல் பயிலும் உங்கள் தலைமுறையின் கடமையாகும்.